வெள்ளை அறிக்கை எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

வெள்ளை அறிக்கை எழுதும் வேலை பெரும்பாலும் திடீரென்றுதான் ஒருவர் தலையில் வந்து விழுகிறது. "அடுத்த மாதத்துக்குள் ஒன்று தயார் செய்துவிடுங்கள்" என்று மேலிடத்தில் சொல்லிவிடுவார்கள். அது என்ன, யாருக்கு, எவ்வளவு உண்மையாக எழுதலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. பல ஆண்டுகளாக நான் இவற்றை எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் வருகிறேன். புதிதாக எழுத வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

வெள்ளை அறிக்கை என்பது அரசாங்கம் வெளியிடுவதல்லவா? நிறுவனங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பெயர் அரசிடமிருந்து வந்ததுதான். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பருமனான அறிக்கைகளுக்கு நீல அட்டை போடுவார்கள். நீலப் புத்தகம் என்றே அவற்றுக்குப் பெயர். அட்டை போடும் அளவுக்குப் பக்கங்கள் இல்லாத சிறு அறிக்கைகள், உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளையே மேலுறையாகக் கொண்டு வந்தன. பெயர் அப்படி நிலைத்தது. சர்ச்சில் அமைச்சராக இருந்தபோது 1922இல் பாலஸ்தீனம் பற்றி வெளியான அறிக்கையைத் தொடக்ககால உதாரணமாகச் சுட்டுவார்கள். 1967இல் பிரிட்டனில் பச்சை அறிக்கை என்ற வகையும் வந்தது. பச்சை, கருத்துக் கேட்பதற்கு. வெள்ளை, யோசித்து எடுத்த நிலைப்பாட்டைச் சொல்வதற்கு.

நாளிதழில் "வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும்" என்ற கோரிக்கையைப் படிக்கும்போது நாம் எதை எதிர்பார்க்கிறோம்? மறைக்காமல் கணக்கை எடுத்து வைக்க வேண்டும் என்பதைத்தானே! நிறுவனங்கள் இந்தப் பெயரைக் கடன் வாங்கியபோது அந்த எதிர்பார்ப்பையும் சேர்த்தே வாங்கிக்கொண்டன. இன்று ஒரு சிக்கலை விளக்கி, அதற்கான வழிகளை ஆதாரத்தோடு ஒப்பிட்டு, எழுதியவர் எந்த வழியைப் பரிந்துரைக்கிறார், ஏன் பரிந்துரைக்கிறார் என்று சொல்லும் ஆவணத்தை வெள்ளை அறிக்கை என்கிறோம்.

அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றிய ஒன்றைச் சொல்கிறேன். 2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் அறிக்கை ஒன்பதே பக்கம். அதில் ஒரு பகுதி முழுவதும், இந்த அமைப்பை ஒருவர் ஏமாற்ற முயன்றால் அவர் வெற்றி பெறும் வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கு. பிட்காயின் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். தன்னை எங்கே அடிக்கலாம் என்று தானே கணக்குப் போட்டுக் காட்டிய அந்தப் பகுதியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

விளம்பரக் கையேட்டுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கையேடு வாங்கச் சொல்கிறது. ஆய்வுக் கட்டுரை, அதே துறையில் இருப்பவர்களிடம் ஒரு கண்டுபிடிப்பை முன்வைக்கிறது. வெள்ளை அறிக்கை, ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டிய மனிதரிடம் பேசுகிறது. அவர் கையில் நேரம் குறைவு. தவறினால் இழப்பு அவருக்கு. இந்த மனிதரை மறந்த நிமிடத்திலேயே எழுத்து மற்ற இரண்டில் ஒன்றாக மாறிவிடும்.

எழுதச் சொல்வது நிறுவனம். சம்பளமும் அவர்கள் கொடுப்பது. அப்படியிருக்க நடுநிலை எப்படி முடியும்?

நிலைப்பாடு இருப்பது வேறு, சார்பு இருப்பது வேறு. "இந்த முறையே சிறந்தது என்று நாங்கள் கருதுகிறோம்" என்று எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை; வெள்ளை அறிக்கை எழுதப்படுவதே அதற்காகத்தான். அந்த முடிவுக்கு எதிராக இருக்கும் சான்றை வாசகரின் கண்ணில் படாமல் ஒதுக்கிவைப்பதுதான் சார்பு.

நான் ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். என் அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வேறு எதையும் தேடாமல், வாசகர் ஒருவர் என்னோடு முரண்பட முடியுமா? "நீங்கள் சொன்ன சான்றுகளையே வைத்துப் பார்த்தால் எனக்கு மற்ற வழிதான் பொருந்துகிறது" என்று அவர் சொல்ல இடம் இருக்கிறதா? இருந்தால் அந்த அறிக்கை நேர்மையானது. ஒரே ஒரு கதவை மட்டும் திறந்துவைத்து மற்றவற்றைப் பூட்டிவிட்டிருந்தால், வாக்கியங்கள் எவ்வளவு பணிவாக இருந்தாலும் அது விளம்பரம்தான்.

இன்னொன்று: யார் பணத்தில் எழுதப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில் அதைக் கண்டுபிடிக்கும் வாசகர், அதற்கு முன் படித்த பத்துப் பக்கத்தையும் சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்பார்.

சார்பு எந்த இடத்தில் நுழைகிறது? மிகைச் சொற்களை நீக்கிவிட்டால் போதாதா?

போதாது. "புரட்சிகரமான", "இணையற்ற" போன்ற சொற்களைக் கண்டால் எந்த ஆசிரியரும் அடித்துவிடுவார். ஆபத்து, முதல் வாக்கியம் எழுதப்படுவதற்கு முன்பே செய்யப்படும் தேர்வுகளில் இருக்கிறது.

முதல் தேர்வு கேள்வி. "எங்கள் மென்பொருள் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது?" என்று தொடங்கினால், மிச்சப்படுத்துகிறது என்பது விவாதத்துக்கே வராமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. "இந்த வேலையில் நேரம் எங்கே போகிறது?" என்று தொடங்கினால், விடை உங்கள் மென்பொருளாக இல்லாமலும் போகலாம். அந்த வாய்ப்பு திறந்திருக்க வேண்டும்.

அடுத்தது, எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. என் தொடக்க நாட்களில் நான் எழுதிய ஓர் அறிக்கையில், எங்கள் கருவியைச் சந்தையில் கிடைத்தவற்றுள் மிகப் பழைய ஒன்றோடு ஒப்பிட்டிருந்தேன். எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. படித்த பொறியாளர் ஒருவர் கேட்டார்: "இதை இன்று யாராவது வாங்குகிறார்களா? எதுவும் வாங்காமல், இருக்கும் முறையையே கொஞ்சம் சீர்செய்தால் என்ன ஆகும் என்று ஏன் எழுதவில்லை?" என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை என் ஒவ்வொரு அறிக்கையிலும் "எதையும் மாற்றாமல் விட்டால்" என்ற வழியும் ஒரு போட்டியாளராக நிற்கிறது. பல நேரம் அதுவே பலமான போட்டியாளர்.

மூன்றாவது, காலம். வளர்ச்சியைக் காட்ட மிக மோசமான ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குவது பழைய தந்திரம். ஏன் அந்த ஆண்டு என்று ஒரு வரியில் நியாயம் சொல்ல முடியாவிட்டால் அது தவறான ஆண்டு.

நான்காவது, எந்தச் சான்றை எடுத்து எதை விடுகிறீர்கள் என்பது. இதற்கு 1954ஐவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பெரிய ஆய்வுகள் 1950லேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளியாகியிருந்தன. 1954இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் அமைத்த குழு ஒரு சிறு நூலை அச்சிட்டு மருத்துவர்களுக்கு அனுப்பியது. அந்தத் தொடர்பு இன்னும் நிறுவப்படவில்லை என்று ஐயம் தெரிவித்த அறிவியலாளர்களின் கூற்றுகள் அதில் வரிசையாக இருந்தன. அவை அந்த அறிவியலாளர்கள் சொன்னவைதான். திரட்டிய விதம்தான் பொய் சொன்னது. ஐயப்படாதவர்களுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு முழு ஆவணமும் பொய்யாக இருக்க முடியும் என்பதை எழுதுகிறவர்கள் தூக்கத்திலும் மறக்கக் கூடாது.

கடைசியாக, விளக்கம். தமிழ் இலக்கணத்தில் தற்குறிப்பேற்றம் என்று ஓர் அணி உண்டு. இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது: கொடி காற்றில் அசைந்தது, கவிஞரோ அது கைகாட்டி மறித்தது என்பார். கவிதைக்கு அது அழகு. "மார்ச்சில் பயன்பாடு கூடியது" என்பது தரவு. "பயனர்கள் எங்கள் புதிய வடிவமைப்பை ஏற்றுக்கொண்டதால் மார்ச்சில் பயன்பாடு கூடியது" என்பது தற்குறிப்பேற்றம். இரண்டையும் தனித்தனி வாக்கியமாக்குங்கள். இரண்டாவது உங்கள் ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள்.

எதிர்த்தரப்பு வாதத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது? சரிபாதியா?

பக்கத்தை அளந்து பாதி கொடுப்பது நடுநிலை ஆகாது. நூறு சான்றுகளில் தொண்ணூற்றைந்து ஒரு பக்கமும் ஐந்து மறுபக்கமும் இருக்கும்போது இரண்டுக்கும் சம இடம் கொடுத்தால், ஐந்தின் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று பொருள். சான்றின் எடைக்கு ஏற்ற இடமே நியாயம்.

ஆனால் எதிர்த்தரப்பைச் சொல்லும் தரம் குறையக் கூடாது. தமிழ்ச் சமய தத்துவ நூல்களில் பரபக்கம், சுபக்கம் என்று ஒரு முறை இருக்கிறது. பிறர் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லி ஆராய்வது பரபக்கம். தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம். நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது: மாற்றுக் கருத்துடையவர் நீங்கள் எழுதியதைப் படித்து, "ஆம், நான் சொல்வது இதுதான், நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முடிந்தால் அத்தகைய ஒருவரிடம் வெளியீட்டுக்கு முன்பே காட்டிவிடுங்கள். எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள திருத்தங்கள் அப்படிப்பட்டவர்களிடமிருந்தே வந்தவை.

எண்களைத் தரும்போது எதைக் கவனிப்பது?

"இரண்டு மடங்கு" என்று எழுதக் கை போகும்போதெல்லாம் 1995ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் குழாயில் உறைகட்டி ஏற்படும் ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரித்தது. கணக்கு சரிதான். ஆனால் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு என்று ஆகியிருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. "இரு மடங்கு" என்பதை மட்டும் கேட்ட பல பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிடப்பட்டது.

ஆகவே விகிதத்தைச் சொன்னால் அடிப்படை எண்ணையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள். "40 சதவீதம் குறைந்தது" என்றால் எதிலிருந்து எதற்கு, எத்தனை பேரிடம் அளந்தது, எவ்வளவு காலம்? இதற்கெல்லாம் இடம் இல்லை என்றால் அந்த எண்ணுக்கும் இடம் இல்லை. வரைபடத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். பட்டை வரைபடத்தில் செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்காவிட்டால், சிறு வேறுபாடு மலைபோலத் தெரியும்.

உறுதியாகத் தெரியாததை எழுதினால் அறிக்கை பலவீனமாகிவிடாதா?

தெளிவில்லாமல் எழுதினால்தான் பலவீனமாகும். 1951இல் அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடு ஒன்று, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்கக் "கணிசமான வாய்ப்பு" இருப்பதாகச் சொன்னது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட், தன் மனத்தில் இருந்தது நூற்றுக்கு 65 அளவிலான வாய்ப்பு என்றார். அதே வாசகத்துக்கு ஒப்புதல் அளித்த சக அலுவலர்களைக் கேட்டபோது, ஒருவர் மனத்தில் 20, இன்னொருவர் மனத்தில் 80. எழுதியவர்களுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி என்றால் படித்தவர்கள் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள்!

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசி இதற்கு ஒரு வழி கண்டது. சொல்லுக்கு எண்ணை நிர்ணயித்துவிட்டது: "சாத்தியம் உண்டு" என்ற பொருளில் வரும் சொல்லுக்கு 66 சதவீதத்துக்கு மேல், "மிகவும் சாத்தியம்" என்பதற்கு 90க்கு மேல் என்று வரையறை. உங்கள் அறிக்கைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. "பெரும்பாலும்", "ஓரளவு", "கணிசமாக" என்று எழுதும்போது எந்த அளவை நினைத்து எழுதுகிறீர்கள் என்பதை ஒருமுறை சொல்லிவிட்டு, கடைசிவரை அதை மாற்றாமல் இருந்தாலே பெரிய உதவி.

ஒரே விஷயத்தைப் பொறியாளர், நிதிப் பொறுப்பாளர், பொதுமக்கள் எனப் பலருக்கும் சொல்ல வேண்டும். ஒரே அறிக்கை போதுமா?

பெரும்பாலும் போதாது. எல்லோருக்கும் என்று எழுதிய அறிக்கையை எல்லோரும் பாதியில் மூடிவைக்கிறார்கள். ஆனால் பல வடிவங்கள் எழுதத் தொடங்கியதும் இதுவரை பேசிய நேர்மைக்கு மிகப் பெரிய சோதனை வருகிறது. கற்பனையான ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

பூமிக்கடியில் போகும் குடிநீர்க் குழாய்களில் கசிவை ஒலியை வைத்துக் கண்டறியும் ஒரு கருவியைப் பற்றி எழுதுகிறீர்கள். உலோகக் குழாயில் கசிவின் ஒலி நெடுந்தூரம் போகும். பிளாஸ்டிக் குழாயில் சீக்கிரமே தேய்ந்துவிடும். எனவே கருவி உலோகத்தில் நன்றாக வேலை செய்கிறது, பிளாஸ்டிக்கில் தடுமாறுகிறது. இது ஆறு மாதச் சோதனையின் முடிவு.

பொறியாளர் கேட்பது: எந்த விட்டமுள்ள குழாயில், எவ்வளவு இடைவெளியில் வைத்தீர்கள், தவறான எச்சரிக்கை எத்தனை வந்தது? அவருக்கு முறைமையும் அட்டவணையும் வேண்டும். முன்னுரையை அவர் தாண்டிப் போய்விடுவார். நிதிப் பொறுப்பாளர் கேட்பது: போட்ட பணம் எப்போது திரும்பும், எந்த அனுமானம் தவறினால் அந்தக் கணக்கு கவிழும்? அவருக்கு ஒரே ஒரு தொகை போதாது. நல்ல நிலையில் இவ்வளவு, மோசமான நிலையில் இவ்வளவு என்று எல்லைகள் வேண்டும். கொள்கை வகுப்பவருக்கு, யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்பது முக்கியம். 1985இல் ஐரோப்பிய ஆணையம் ஒற்றைச் சந்தை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை, செய்ய வேண்டிய ஏறத்தாழ 300 நடவடிக்கைகளைப் பட்டியலிட்டு 1992 முடிவுக்குள் என்று கெடுவும் வைத்தது. 1993 ஜனவரி 1 அன்று ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்தது. கெடு இல்லாத பரிந்துரையை அலமாரியில் வைப்பது எளிது. குடியிருப்பவர் கேட்பதோ மிக எளிமையானது: என் தெருவைத் தோண்டுவார்களா, என் கட்டணம் கூடுமா? அதற்குப் பக்கம் ஒன்று போதும். ஆனால் நேரான பதில் வேண்டும்.

இந்த நான்கு வடிவங்களிலும் வரிசை மாறலாம், நீளம் மாறலாம், சொற்கள் மாறலாம், உதாரணம் மாறலாம். பிளாஸ்டிக் குழாயில் தடுமாறுகிறது என்ற வரி மாறக் கூடாது, எந்த வடிவத்திலிருந்தும் நழுவவும் கூடாது. "பொதுமக்களுக்கு அவ்வளவு நுணுக்கம் எதற்கு?" என்ற வாதம் கூட்டங்களில் தவறாமல் வரும். நுணுக்கத்தை விடலாம். "புதிய பிளாஸ்டிக் குழாய் போட்ட தெருக்களில் இந்தக் கருவியால் இப்போதைக்குப் பெரிய பயன் இருக்காது" என்பது நுணுக்கம் அல்ல. அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு அதுதான் செய்தி. நான் எல்லா வடிவங்களையும் மேசையில் பக்கம் பக்கமாகப் பரப்பி, முடிவையும் அதன் எல்லையையும் ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுப் பார்ப்பேன். ஒன்றில் சிவப்பு குறைந்தால் அது வெளியே போகாது.

ஐபிசிசியின் அறிக்கைகளிலும் இந்த அடுக்குகளைப் பார்க்கலாம்: ஆயிரக்கணக்கான பக்கங்களில் முழு அறிக்கை, அதிலிருந்து தொழில்நுட்பச் சுருக்கம், பிறகு கொள்கை வகுப்போருக்கான சுருக்கம். கடைசியாகச் சொன்னதை அரசுப் பிரதிநிதிகளும் அறிவியலாளர்களும் உட்கார்ந்து வரி வரியாக ஏற்கிறார்கள். பெரிய அறிக்கை சொல்லாததைச் சிறிய சுருக்கம் சொல்லிவிடக் கூடாது என்பதற்கே அந்தப் பாடு.

நிர்வாகச் சுருக்கத்தை எப்படி எழுதுவது?

கடைசியில் எழுதி முதலில் வையுங்கள். பலர் அதை மட்டுமே படிப்பார்கள் என்பதை மனத்தாங்கல் இல்லாமல் ஏற்றுக்கொண்டு எழுதுங்கள். என்ன சிக்கல், என்ன கண்டோம், என்ன பரிந்துரை, எந்த நிலையில் இது பொருந்தாது: நான்கும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும்.

நான்காவதைத்தான் எல்லோரும் கீழே தள்ளுகிறார்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். கலம் விண்ணில் இருந்தபோதே, புறப்படுகையில் அதன்மேல் மோதிய நுரைத் துண்டைப் பற்றிப் பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்கு விளக்கப் படங்கள் தயாரித்திருந்தார்கள். ஒரு படத்தின் தலைப்பு ஆறுதலாக இருந்தது. அடியில், சின்ன எழுத்தில், மோதிய துண்டு, முன்பு நடத்திய மோதல் சோதனையில் பயன்படுத்திய துண்டைவிட 600 மடங்குக்கும் அதிகப் பருமன் கொண்டது என்பதற்கான எண்கள் இருந்தன. அதாவது சோதனையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்தப் படத்தையே எடுத்துவைத்து இதைச் சுட்டிக்காட்டியது. எழுதியவர்கள் எதையும் மறைக்கவில்லை. சொல்ல வேண்டியதைத் தலைப்பில் சொல்லாமல் அடியில் சொன்னார்கள். உங்கள் அறிக்கையின் மிக முக்கியமான எச்சரிக்கை எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று இப்போதே திறந்து பாருங்கள்.

அறிக்கை யாரைப் பற்றியதோ அவர்களும் வாசகர்களா?

முதல் வாசகர்களே அவர்கள்தான் என்பேன். 1969இல் கனடா அரசு பூர்வகுடி மக்கள் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அவர்களுக்கான தனிச் சட்டத்தையும் தனி அந்தஸ்தையும் நீக்கி எல்லோரையும் சமமாக்குவதாக அது சொன்னது. அதற்கு முன்பு பூர்வகுடித் தலைவர்களை அழைத்துக் கலந்தாலோசனையும் நடத்தியிருந்தார்கள். அவர்கள் கேட்டது, தங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களை மதிக்க வேண்டும் என்று; அறிக்கையிலோ அவர்கள் சொன்னதன் சாயலே இல்லை. 1970இல் ஆல்பர்ட்டா மாகாணத்துப் பூர்வகுடித் தலைவர்கள் மறுமொழியாக ஓர் ஆவணம் கொடுத்தார்கள். சிவப்பு அறிக்கை என்ற பெயரில் அது நிலைத்தது. அரசு தன் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது.

கருத்துக் கேட்டுவிட்டு, கேட்டதை எழுதாமல் விடுவது, கேட்காமல் விடுவதைவிட மோசம். சந்தித்தவர்கள் என்ன சொன்னார்கள், அதில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

எத்தனை பக்கம்?

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை வழக்கம். அதற்கு மேல் போனால் பின்னிணைப்பில் போடுங்கள்.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. செயப்பாட்டு வினை. "கண்டறியப்பட்டுள்ளது", "கருதப்படுகிறது", "நிரூபிக்கப்பட்டுள்ளது". இந்தச் சொற்கள் அறிக்கைக்குக் கம்பீரம் தருவதுபோல் தோன்றும். யார் கண்டறிந்தார், யார் கருதுகிறார்? எழுவாயைத் தேடிப் பிடித்து எழுதிப் பாருங்கள். "எங்கள் குழு கருதுகிறது" என்று மாறும்போது, பல வாக்கியங்கள் இருந்த உயரத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிடும். வாசகருக்கு வேண்டியது அந்தத் தரைதான்.

கலைச்சொல்லை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் கடைசிவரை அதையே வையுங்கள். ஒரு பக்கத்தில் உணரி, அடுத்த பக்கத்தில் சென்சார், பிறகு உணர்கருவி என்று மாறினால், மூன்று கருவிகளோ என்று வாசகர் மயங்குவார். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மயங்க வைத்தலும் ஒன்று. அந்தப் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். குறிப்பாகச் "சென்று தேய்ந்து இறுதல்", அதாவது நன்றாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவது, வெள்ளை அறிக்கைகளை அதிகம் பிடித்திருக்கும் நோய். சிக்கலை ஐந்து பக்கம் விரித்துவிட்டுத் தீர்வை அரைப் பக்கத்தில் முடிப்பவர்கள் ஏராளம்.

குறைகளைச் சொல்லும் பகுதியை நீக்கச் சொல்லி மேலதிகாரி வற்புறுத்தினால்?

எனக்கும் நடந்திருக்கிறது. கோபப்பட்டுப் பயன் இல்லை. அவருடைய பயம் உண்மையானது. "வாங்க வருகிறவர் இதைப் படித்தால் போய்விடுவார்" என்கிறார். நான் சொல்லும் பதில் இது: பொருந்தாத இடத்தில் வாங்கியவர் பிறகு கண்டுபிடிப்பார், அன்று அவர் போவதோடு நிற்க மாட்டார். பிறகு ஒரு சமரசம் வைப்பேன். குறை என்ற தலைப்பில் தனியாக ஒதுக்காமல், "எந்த நிலையில் இது பொருந்தும், எந்த நிலையில் பொருந்தாது" என்ற அட்டவணையாக எழுதலாமா? பலமுறை இது ஏற்கப்பட்டிருக்கிறது. வாசகருக்கும் அந்த அட்டவணைதான் அதிகம் உதவுகிறது. அதற்கும் மறுத்தால், என் பெயரை எடுத்துவிடச் சொல்வேன். இரண்டு முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பெயர் போயிற்று. ஒருமுறை அட்டவணை திரும்பி வந்தது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை வைத்து எழுதலாமா?

வாக்கியத்தைச் சீராக்க, விடுபட்ட கேள்வியைக் கேட்க வைக்கலாம். ஆனால் அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும் மூல ஆவணத்தைத் திறந்து நீங்களே பார்க்க வேண்டும். இல்லாத ஆய்வை இருப்பதுபோல் நேர்த்தியாக எழுதித் தருவது இந்தக் கருவிகளுக்கு எளிது. திறந்து பார்க்க முடியாத மேற்கோளை எடுத்துவிடுங்கள்.

வெளியான பிறகு பிழை தெரிந்தால்?

அன்றே திருத்துங்கள். முதல் பக்கத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். எந்தப் பக்கத்தில் எது தவறாக இருந்தது, இப்போது எப்படி மாறியது, அதனால் முடிவு மாறுகிறதா இல்லையா என்று மூன்று வரி அதன் கீழேயே எழுதுங்கள். ஓசையில்லாமல் பழைய கோப்பை எடுத்துப் புதியதை வைத்துவிடாதீர்கள். பழைய பிரதியை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் நாளை ஒரு கூட்டத்தில் பேசப்போகிறார். யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கும். அவர்களுக்குத் திருத்தத்தையும் அனுப்பிவிடுங்கள்.